இடப்பக்கத்துக் கனம்

காருக்குள் யாரும் இல்லை. ஆனால் இடப்பக்கத்துச் சீட்டில் ஏதோ இருப்பதாக எடைத்தட்டு சொன்னது.

மழை விட்டிருந்த பிற்பகல். ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர மண்ணின் மணத்தோடு பெட்ரோலும் பழைய கிரீஸும் கலந்து, எத்தனை முறை துவைத்தாலும் மெக்கானிக் மாஸ்டரின் சட்டையை விட்டுப் போகாத அந்த நெடி எங்கும் நிறைந்திருந்தது. எந்தக் கார் வந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு தட்டையான எடைத்தட்டுகளை வைத்து, அவற்றின் வயர்களைக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியில் செருகி, வண்டியின் பாரம் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் ஸ்பேனரைத் தொடுவார். நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

இந்தக் காரில் பேட்டரி வலப்பக்கம், ஸ்டியரிங் வலப்பக்கம், பெட்ரோல் டாங்க் நட்டநடுவில். ஆள் இல்லாதபோது வலப்பக்கம்தான் கனக்க வேண்டும். இடப்பக்கம் கனத்தது. அதிகம் இல்லை. புத்தகங்கள் அடைத்த பள்ளிக்கூடப் பை ஒன்றை அந்தச் சீட்டில் வைத்தால் எவ்வளவு ஏறுமோ, அவ்வளவு.

"உனக்கும் வயசாயிடுச்சா?" என்று பெட்டியின் தலையில் தட்டினார். ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, இடப்பக்கத் தட்டுகளை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத் தட்டுகளை இடப்பக்கத்துக்கும் மாற்றினார். கனம் தட்டோடு போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

கார் பல் டாக்டருடையது. கல்லூரி விடுதியில் அவரும் மாஸ்டரும் ஒரே அறை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது: தரையோடு தரையாகப் பதுங்கிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். அசலை இருவருமே நேரில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. மாஸ்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இன்ஜின்களிடம் போனார். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதன் குறையைச் சொல்லிவிடுவதால் ஊரில் அவருக்குச் சுருதி மாஸ்டர் என்று பெயர். பல் டாக்டர் கையில் நாலு காசு புரளத் தொடங்கியதும் அந்தப் படத்திலிருந்த காரைத் தானே செய்ய ஆரம்பித்தார். ஃபைபரில் வார்த்த உடம்பு, பழைய குடும்பக் கார் ஒன்றின் இன்ஜின், எங்கெங்கோ தேடி வாங்கிய கதவும் கண்ணாடியும். டாக்டரின் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் அந்தக் கார் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

"பசுத்தோல் போர்த்துன புலி கேள்விப்பட்டிருக்கேன். இது புலித்தோல் போர்த்துன பசுடா" என்று மாஸ்டர் சொல்லும்போதெல்லாம் டாக்டர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்த டாக்டர், கார் முடிந்து இத்தனை நாள் கழித்து, அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"ஓட்டிட்டே வந்திருக்கலாமேடா?"

"வேணாம்னு தோணுச்சு." டாக்டர் குடையை மடக்காமல் கேட் அருகிலேயே நின்றார். "ஒரு பக்கமா இழுக்குது. கொஞ்சம் பாரு. இன்ஜினும் பிசிறடிக்குது. அவசரமே இல்ல. எவ்வளவு நாள் வேணும்னாலும் வெச்சுக்கோ."

தேநீர்கூடக் குடிக்காமல் லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். தன் கையால் இழைத்து இழைத்துச் செய்த காரை ஒரு முறை தடவிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் மாஸ்டருக்குப் பட்டது.

மாஸ்டர் இடப்பக்கச் சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, சீட்டை வெளியே எடுத்து வைத்தார். இப்போது கனம் வலப்பக்கம் திரும்பியது, நியாயப்படி. சீட்டைத் தனியே எடை போட்டார். சாதாரணச் சீட்டின் எடைதான். திரும்ப மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. வயரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு இன்ஜின் வேலையில் இறங்கினார்.

அது அவருக்குச் சர்க்கரைக் கட்டி மாதிரியான வேலை. கார்புரேட்டர் இரண்டு. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால், அது காற்றை உறிஞ்சும் சீறல் கேட்கும். இரண்டின் சீறலும் ஒரே அளவாகும்வரை திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். பிசிறு குறைந்து, முனகல் சீராகி, கடைசியில் பழைய குடும்பக் காரின் அந்த இன்ஜின் தன் பிறப்பை மறந்து உறுமத் தொடங்கியது. நல்ல வேலை முடிந்த சந்தோஷத்தில் திரும்பி, "எப்படி?" என்று கேட்டார். கேட்க யாருமில்லை.

மனைவி மகன் வீட்டுக்குப் போயிருந்தாள், கடல் கடந்து. பேரப்பிள்ளை பிறப்பதற்குத் துணையாகப் போனவள். "குழந்தைக்குத் தலை நிக்கட்டும், வர்றேன்" என்றாள். தலை நின்றது. "பல்லு முளைக்கட்டும்" என்றாள். பல்லும் முளைத்து, இப்போது அது கடிக்கிறதாம். சண்டை ஒன்றும் இல்லை. அவள் அங்கே தேவைப்பட்டாள், அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று வாழப் பழகிவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போது குரல் கொடுக்கும் பழக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் காரை ஏரிக்கரைச் சாலைக்கு எடுத்துப் போனார். ஒரு புறம் தண்ணீர், மறு புறம் புளிய மரங்கள், நடுவில் போக்குவரத்து இல்லாத நல்ல தார்ச் சாலை. கார் பாய்ந்தது. சீட்டு தரைக்கு அவ்வளவு அருகில் இருந்ததால் சாலையே முதுகுத்தண்டில் ஓடுவது போலிருந்தது. ஆனால் இடப்பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினாலும் தண்ணீர் இருக்கும் பக்கமாகவே போனது.

திரும்பி வந்து தட்டில் ஏற்றினார். பள்ளிக்கூடப் பை இப்போது அந்தப் பையைச் சுமக்கும் பிள்ளையாகியிருந்தது.

அவர் பயந்தார் என்று சொல்ல முடியாது. அப்போது பயப்படவில்லை. சக்கரத்தை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து ஒவ்வொரு இணைப்பாக விளக்கடித்துப் பார்த்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கனம் கொஞ்சம் கூடியது. அலுத்துப் போய்க் கடைசியில் தொழிலில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். காரணத்தை விட்டுவிட்டார். இடப்பக்கம் ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு, அந்தக் கனத்துக்கும் சேர்த்து இடப்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கிச் சமன் செய்தார்.

அடுத்த ஓட்டத்தில் கார் கோடு போட்டது போல நேராகப் போனது. வளைவுகளில் சாயாமல், குலுங்காமல், தண்ணீரில் படகு திரும்புவது போலத் திரும்பியது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு சமன் அவர் கைக்கு வாய்த்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப வசதியா இருக்கா?" என்றார், இடப்பக்கம் பார்க்காமல்.

அதன் பிறகு தினமும் போனார். வேலை முடிந்துவிட்டது, காரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஓட்டும்போது பேசினார். முதலில் கார்புரேட்டரைப் பற்றி. பிறகு மகனைப் பற்றி. மனைவி போன புதிதில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் அவளுக்குப் போன் செய்தது, அங்கே அது உறங்கும் நேரம் என்பதால் அவள் எரிந்து விழுந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லச் சொல்ல, சீட்டின் உள்ளே கம்பி ஒன்று மெல்லக் கிறீச்சிடும். சரி, மேலே சொல்லு என்பது போல.

ஒரு நாள் காலை, ஏரிக்கரையில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"இனிமேதான். குழந்தை என்ன பண்றா?"

"தூங்குறா." அவள் சற்று நிறுத்தினாள். "பக்கத்துல யாருங்க?"

"யாருமில்ல. கார்ல இருக்கேன்."

"விளையாடாதீங்க. யாரோ மூச்சு வாங்குறாங்களே. ரொம்பக் கிட்டத்துல."

காற்றாக இருக்கும் என்றார். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. வெளியே புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

போனை வைத்தார். பிறகு கதவின் பையிலிருந்து ரப்பர்க் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்தார். மறுமுனையைக் கை நீட்டி, காலியாக இருந்த இடப்பக்கச் சீட்டின் மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்தார்.

சீறல்.

உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. இன்ஜின் அணைந்திருந்தது.

குழாயில் வந்த காற்று அவர் காதுக்குள் சூடாக இறங்கியது.

குழாயை உதறினார். காரைக் கிளப்பி வீடு வந்து சேர்ந்து, ஷெட்டைப் பூட்டிவிட்டு, பகல் முழுக்க வீட்டில் விளக்குகளைப் போட்டு வைத்திருந்தார். டாக்டருக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள், இனி ஒரு பொழுதுகூட இந்தக் கார் இங்கே நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார். லாரிக்குச் சொல்லலாம் என்றால், லாரிக்காரனிடம் என்ன சொல்வது? கிளினிக் அரை மணி நேர ஓட்டம்தான். பேசாமல் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாம்.

பனி இறங்கியிருந்த காலை. முன்கண்ணாடிக்கு அப்பால் சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஏரி இருக்கும் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் பேசவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, இன்ஜினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து மனம் நழுவும்போதெல்லாம் பிடித்து இழுத்துத் திரும்ப அதிலேயே வைத்தார். கார் அற்புதமாக ஓடியது. அதுதான் தாங்க முடியவில்லை.

சீட்டுக் கம்பி கிறீச்சிட்டது.

அவர் பேசவில்லை.

திரும்பக் கிறீச்சிட்டது, நீளமாக. கேட்பது போல. பிறகு கெஞ்சுவது போல.

இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த சீட்டு பெல்ட் சரசரவென்று உருவப்படும் சத்தம். க்ளிக். கொக்கி மாட்டிக்கொண்டது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். பெல்ட் அந்தரத்தில் நின்றது. யாரும் இல்லாத இடத்தில், ஒரு மார்பின் மேல் இறுகியது போல, வளைந்து. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. கீழே மெத்தையில் இரண்டு தொடைகளின் பள்ளம். ஆழமாக.

அந்தப் பள்ளம் அசைந்தது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது.

அதன் பிறகு வழி எப்படி ஓடியது என்று அவருக்கு நினைவில்லை.

கிளினிக்கில் கிராம்புத் தைல வாசனை. வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். உதவிக்கு இருக்கும் பெண், "டோக்கன் போட்டுட்டு உக்காருங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் உள் அறைக்குள் போய்விட்டார். டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை விலக்கி, தெருவில் நின்ற பச்சைக் காரைப் பார்த்தார். கையிலிருந்த சிறு கண்ணாடியைக் கீழே வைத்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவரிடம், "ரெண்டு நிமிஷம் வெளிய இருங்க" என்றார்.

கதவு மூடியது.

"ஏன்டா சொல்லல?" என்றார் மாஸ்டர்.

"சொன்னா எடுத்திருப்பியா?"

"எப்பலேருந்து?"

"அந்தச் சீட்டைப் போட்ட அன்னிலேருந்து. முதல்ல ஒண்ணும் தெரியல. பூனைக்குட்டி உக்காந்த மாதிரி. ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்குனப்புறம்தான் உறைச்சுது, வழி பூரா அதுகிட்ட பேசிட்டே வந்திருக்கேன்னு. அன்னிக்கே ஓட்டுறதை நிறுத்திட்டேன்."

"என்னடா அது?"

"தெரியாது. என் பிள்ளைங்க மேல சத்தியமா தெரியாது." டாக்டர் கையுறையைக் கழற்ற முயன்றார். அது விரல்களில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "வீட்டுல அவ இருக்கா, பசங்க லீவுக்கு வருவாங்க. வீட்டுக்குள்ள வந்துடுமோன்னு பயம். நீன்னா..."

"நான்னா?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "நீ தனியாத்தானே இருக்கே."

மாஸ்டருக்கு முதலில் அது கோபமாகக்கூட இல்லை. நெஞ்சில் எங்கோ ஒரு திருகாணி கழன்று, உருண்டு போய், எங்கே விழுந்தது என்று தெரியாதது போலிருந்தது. ஒரே அறை. ஒரே சுவர். ஒரே படம்.

"அதுகிட்ட பேசுனியா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

"ஐயோ" என்றார் டாக்டர். "எவ்வளவு பேசுன?"

கார் சாவியைப் பல் பிடுங்கும் கருவிகள் இருந்த எவர்சில்வர்த் தட்டில் போட்டுவிட்டு மாஸ்டர் வெளியே வந்தார். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

வீடு வந்தபோது உச்சிப்பொழுது. பனி விலகி, வெயில் வாசலில் பளீரென்று விழுந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம். ஷெட்டில் கார் நின்ற இடம் வெறுமையாக, சிந்திய எண்ணெய்க் கறையோடு கிடந்தது. மூச்சு நிம்மதியாக வந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. அதை என்னவென்று பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நாளைக் காலை ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை. இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்தார். இருண்ட கூடத்தைப் பார்த்து, எதற்கென்று தெரியாமல், "வந்துட்டேன்" என்றார்.

சொன்ன பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். கூடத்தில் வெயில் நிறைந்தது. சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.

போன் அடித்தது. டாக்டர். எடுக்க வேண்டாம் என்று நினைத்தார். எடுத்தார்.

"டேய்! டேய், சுருதி!" குரலில் விடுதிக் காலத்துத் துள்ளல். டாக்டர் அழுதுகொண்டே சிரிப்பது போலிருந்தது. "போயிடுச்சுடா! கார் இடப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒரு ஆள் இறங்குன மாதிரி. நான் போய் உக்காந்து பார்த்தேன். ஒண்ணுமே இல்ல! என்னடா பண்ணின? எப்படிடா போகவெச்ச?"

ஷூக் கயிற்றிலிருந்து மாஸ்டர் நிமிர்ந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த மெத்தை சாயத் தொடங்கியிருந்தது.

இடப்பக்கமாக. மிக மெதுவாக, அலுத்துப்போய் வீடு திரும்பிய ஒருவர் நிதானமாகத் தன்னை இறக்கி வைப்பது போல. சோபாவின் மரச்சட்டம் முனகியது. துணி உள்ளே இழுபட்டு, சுருங்கி, பள்ளமாகி, பள்ளம் இன்னும் ஆழமானது. பிள்ளையின் கனம் இல்லை. ஒரு மனிதனின் கனமும் இல்லை. அதைவிட. அதைவிட.

அவர் எழ முயன்றார். சரிவு விடவில்லை. போன் கையிலிருந்து நழுவி மெத்தையில் சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

"ஹலோ? இருக்கியாடா? பேசுடா..."

டாக்டரின் குரல் மெல்ல அமுங்கியது. எதற்கோ அடியில் போனது போல. பிறகு கேட்கவில்லை.

நல்ல வெயில். பக்கத்து வீட்டில் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். மாஸ்டர் சோபாவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவர் உடம்பு சரிந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவர் தோள் ஒன்றும் இல்லாத இடத்தில் எதன் மேலோ போய்ப் பட்டு, நின்றது.

அது சூடாக இருந்தது. அவருக்கு வசதியாக அது சற்று நகர்ந்து உட்கார்ந்தது.